கேசட்டைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கல்யாண வீடியோக்களைப் பாதுகாப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். "கேசட்டை டிவிடியாக மாற்றிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடலாம்; எச்.டி. தரமே மெமரி கார்டு வந்த பிறகுதான் கிடைத்தது" என்கிற பொருளில் அதில் எழுதியிருந்தது. இதில் பின்பாதி தவறு. முன்பாதியை நம்பிக் கேசட்டைக் குப்பையில் போட்டவர்களுக்கு அது திரும்பக் கிடைக்காது.

மினி டிவி கேசட்டில் (டிவி என்றால் இங்கே தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ) எச்.டி. பதிவு செய்யும் எச்.டி.வி. முறையை சோனி, கேனான், ஷார்ப், ஜே.வி.சி. நான்கும் சேர்ந்து 2003-லேயே அறிவித்துவிட்டன. மெமரி கார்டிலும் ஹார்டு டிஸ்க்கிலும் எழுதும் ஏ.வி.சி.எச்.டி. வந்தது 2006-ல்தான். எச்.டி.வி.யின் 1080 வகையில் ஒரு ஃபிரேமுக்கு 1440 x 1080 புள்ளிகள், அதாவது சுமார் 15.5 லட்சம். டிவிடியில் 720 x 576, சுமார் 4.1 லட்சம். எச்.டி.வி.யில் எடுத்த கல்யாணத்தை டிவிடியாகப் போட்டுக் கொடுத்தபோது நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான புள்ளிகள் கழிந்துபோயின. கேமராவில் பதிவான மூல கேசட், அதாவது மாஸ்டர் கேசட், கையில் இருக்கிற குடும்பத்துக்குப் பட்டுப்புடவையின் ஜரிகை இழை இன்னும் இருக்கிறது. டிவிடி மட்டும் இருக்கிற வீட்டில் அது வெறும் மஞ்சள் பட்டை.

அதற்காக டேப் சிறந்தது, கார்டு மட்டம் என்று சொல்ல வரவில்லை. எச்.டி.வி. எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில் விநாடிக்கு 25 மெகாபிட் டேட்டா எழுதும். தொடக்க கால ஏ.வி.சி.எச்.டி. அதிகபட்சம் 24 மெகாபிட்தான், ஆனால் அதன் எச்.264 என்ற புதிய சுருக்க முறை அதே அளவு டேட்டாவில் அதிக விவரத்தை வைத்துக்கொள்ளும். கார்டு ஜெயித்தது வேகத்தாலும் வசதியாலும். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் முழுசாக ஓட வேண்டும். கார்டில் சில நிமிட வேலை. தொழில்முறை உலகிலும் டேப்பின் கதை ஓரளவு தற்செயலாகவே விரைந்து முடிந்தது. 2011 மார்ச் நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானின் மியாகி மாகாணத்தில் இருந்த சோனியின் டேப் ஆலையைத் தாக்க, ஸ்டூடியோக்கள் பயன்படுத்திய எச்.டி.கேம் எஸ்.ஆர். என்ற உயர்தர டேப்புக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. ஃபைல் முறைக்கு மாறத் தயங்கிக்கொண்டிருந்த ஸ்டூடியோக்கள் பல அந்த ஆண்டு மாறின.

டேப்பின் உண்மையான பலவீனம் வேறு. அதில் எழுதப்படும் ஒவ்வொரு கோடும் 10 மைக்ரான் அகலம், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. பழைய டிவி பதிவில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி என்பதால் ஒரு தூசி விழுந்தால் ஒரு ஃபிரேமில் நாலு கட்டம் சிதறும், கண் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. எச்.டி.வி.யில் நம் ஊர் 25 ஃபிரேம் கணக்கில் 12 ஃபிரேம்கள் ஒரு கொத்து. கொத்தின் முதல் ஃபிரேம் கெட்டால் மற்றவை நிற்க ஆதாரம் இல்லை. அதே தூசிக்கு அரை விநாடி படம் உறையும், ஒலி அறுபடும். தாலி கட்டுகிற கணத்தில் அரை விநாடி என்பது சின்ன விஷயமில்லை.

அதனால் வீட்டில் கேசட் வைத்திருப்பவர்கள் இப்போதே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது, அதாவது கேப்சர் செய்வது, நல்லது. கேசட் கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் கேமராக்கள் தீர்ந்துவிடும். பழைய எச்.டி.வி. கேமராவைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பதிவு செய்த கேமராவே கிடைத்தால் இன்னும் நல்லது. டேப்பில் எழுதிப் படிக்கும் பாகமான ஹெட் சற்றுக் கோணலாக இருந்திருந்தாலும் தான் எழுதியதைத் தானே சரியாகப் படிக்கும்.

முதலில் கேசட்டின் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள்; அப்போதுதான் தவறி மேலெழுத முடியாது. சன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரத்துக்கு இது சகஜம். அதை எந்தக் காரணம் கொண்டும் மெஷினுக்குள் போடக் கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். தனி டப்பாவில் ஒதுக்கிவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து எடுத்த கேசட்டைச் சில மணி நேரம் வெளியே வைத்த பிறகே போடுங்கள். ஈரம் பூத்த டேப், ஹெட் பொருத்திய சுழலும் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டும் முன் ஒரு தடவை கடைசி வரை முன்னே சுற்றி, பின்னே சுற்றிவிட வேண்டும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உலர் கிளீனிங் கேசட்டை 10 விநாடி ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் தேய்த்தால் தேய்வது ஹெட்தான்.

அடுத்தது ஃபயர்வயர், அதாவது கேமராவின் டிஜிட்டல் பதிவை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் இணைப்பு. மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரைச் செருகுகிற மலிவு யு.எஸ்.பி. குச்சியில் எச்.டி. வரவே வராது. ஃபயர்வயரை யு.எஸ்.பி.யாக மாற்றுவதாகச் சொல்லி விற்கிற சின்ன முனைகளும் வேலைக்கு ஆகாது. டெஸ்க்டாப்பில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள ஃபயர்வயர் கார்டைப் போட்டு, விண்டோஸ் 10 என்றால் மைக்ரோசாஃப்டின் பழைய 'லெகசி' டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025-ல் வந்த மேக் ஓ.எஸ். டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தால் அப்டேட் செய்யாதீர்கள். கேபிளைச் செருகும்போது கேமரா, கம்ப்யூட்டர் இரண்டும் அணைந்திருக்கட்டும். ஆறு முள் முனையில் மின்சாரம் வரும். தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் போர்ட் போய்விடும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். சோனி கேமரா மெனுவில் 'ஐ-லிங்க் கன்வர்ட்' என்று ஒன்று உண்டு (ஐ-லிங்க் என்பது ஃபயர்வயருக்கு சோனி வைத்த பெயர்). அது ஆனில் இருந்தால் கேமரா எச்.டி.யைச் சாதா டிவியாகக் குறைத்து அனுப்பும். ஃபைல் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது; இரண்டுமே 25 மெகாபிட் வகை என்பதால் இரண்டுமே மணிக்கு 12, 13 ஜி.பி.தான் வரும். ஃபைலின் விவரத்தைத் திறந்து பாருங்கள்: எம்2டி என்று முடிந்து 1440 x 1080 என்று காட்டினால் சரி, ஏ.வி.ஐ. என்று முடிந்து 720 x 576 என்றால் கன்வர்ட்டை ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஓட்டிப் பார்க்கையில் முகங்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். 1440-ஐ 1920-ஆக அகட்டிக் காட்ட பிளேயருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

கார்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றும் இல்லை. கேசட் மாஸ்டர் தானாகவே பீரோவில் தங்கியது. கார்டை மறுநாள் முகூர்த்தத்துக்கு ஃபார்மட் செய்துவிடுவார்கள். ஏ.வி.சி.எச்.டி. கார்டிலிருந்து எம்.டி.எஸ். என்று முடியும் வீடியோ ஃபைல்களை மட்டும் உருவி எடுப்பது இன்னொரு தவறு. நீண்ட பதிவைக் கேமரா 2 அல்லது 4 ஜி.பி. துண்டுகளாக வெட்டித்தான் எழுதும். எந்தத் துண்டு எதோடு சேரும் என்ற குறிப்பு மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. அது இல்லாமல் ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் நாதஸ்வரம் ஒரு கணம் விக்கும். கார்டை முழுசாக, ஃபோல்டர் அமைப்போடு நகல் எடுக்க வேண்டும்.

எடுத்த நகல் இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். எஸ்.எஸ்.டி.யை இதற்குப் பரிந்துரைக்க மாட்டோம். மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் வைக்க அது செய்யப்பட்டதில்லை. பெரிய நிறுவனங்கள் இன்றும் காப்புக்கு நம்புவது டேப்பைத்தான் என்பது வேடிக்கை. 2021-ல் வந்த எல்.டி.ஓ.-9 என்ற கம்ப்யூட்டர் டேட்டா கேசட் ஒன்றில் 18 டெராபைட் அடங்கும், ஆனால் அதன் டிரைவ் விலை லட்சங்களில். வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. நூற்றுக்கணக்கில் மாஸ்டர் வைத்திருக்கும் ஸ்டூடியோக்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டிரைவ் வாங்கலாம்.

கேப்சர் முடிந்த கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, டப்பாவில் நிமிர்த்தி வைத்து, சமையலறையும் குளியலறையும் ஒட்டாத சுவரில் உள்ள பீரோவில் வையுங்கள்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டர்கள் சிலர்,
திருச்சி