வகுத்தால் வராத பயண நேரம்

ஆசிரியருக்கு,

இரு சிறு விமான நிலையங்களுக்கு இடையே 300 கி.மீ. என்றால், மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் 36 நிமிடம் எனப் பலரும் வகுத்துவிடுகிறார்கள். அந்த வேகம் ஏடிஆர் 72 போன்ற விமானம் மேலேறி முடித்த பிறகுதான் கிடைக்கும். எதிர்க்காற்று மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வீசினால் 36 என்பது 40 ஆகும். இறங்கும்போதோ, ஓடுபாதையின் திசைக்கு ஏற்பச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

அட்டவணை நேரம் என்பது, நிற்கும் விமானம் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சக்கரக்கட்டையை எடுத்ததிலிருந்து மீண்டும் வைக்கும்வரை. பல சிறு நிலையங்களில் இணை டாக்ஸிவே (ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே விமானம் உருண்டு செல்லும் தனிப் பாதை) கிடையாது. ஓடுபாதையிலேயே கடைசிவரை உருண்டு போய்த் திரும்ப வேண்டும் (பயணிகள் இதைத் தாமதம் என்று திட்டுவார்கள்). ஆகவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் போடுவதே நியாயம். தூரம் கடல் மைலில் இருந்தால் கி.மீ. ஆக்க 1.852-ஆல் பெருக்குங்கள்.

– ஒரு வாசகர்