மாறவேண்டியது வண்டி எண் அல்ல, முகவரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நான், மூன்றாண்டுகளுக்கு முன் வேலை நிமித்தம் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் நகருக்குக் குடிவந்தேன். வந்த நாள்முதல், "வண்டி இன்னும் 'ஏ' எழுத்திலேயே ஓடுகிறதே, 'என்' எழுத்துக்கு மாற்றவில்லையா?" என்று கேட்காதவர் குறைவு. ('ஏ' பேராக்கின் பதிவெழுத்து; 'என்' நெகிரி செம்பிலானுடையது.) மாற்றாவிட்டால் அபராதம் விதிப்பார்கள் என்று அஞ்சி, இடைத்தரகரிடம் விலை விசாரித்தவர்களும் எங்கள் வட்டாரத்தில் உண்டு.

இந்த அச்சத்தின் ஊற்று எது என்பது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் கைப்பேசியில் ஒரு காணொலியைக் காட்டியபோதுதான் விளங்கியது. அது தமிழில் இருந்தது. ஆனால் பேசியவர் சொன்னது இந்தியச் சட்டம். அங்கே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால், அம்மாநிலத்தின் புதிய பதிவெண்ணைப் பெறவேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் தேவை. மொழி ஒன்று என்பதால் சட்டமும் ஒன்றாகிவிடாது.

நம் நாட்டுத் தீபகற்பத்தில் எண் பட்டையின் முதல் எழுத்து, வண்டி முதன்முதலில் எங்கே பதிவானது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஜொகூரில் பதிவான 'ஜே' வண்டி பினாங்கில் இருபது ஆண்டுகள் ஓடினாலும் 'ஜே' வண்டிதான். லங்காவித் தீவில் தீர்வையின்றி வாங்கிய வண்டியைப் பெருநிலத்துக்குக் கொண்டுவருவது வேறு விவகாரம். நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது முகவரியைப் பற்றித்தான். குடிபெயர்ந்ததும் அடையாள அட்டையில் முகவரியை மாற்றிய நான், வண்டியின் பதிவிலும் அது தானாகவே மாறிவிடும் என்று எண்ணி இருந்துவிட்டேன். மாறவில்லை. வேகக் கண்காணிப்புக் கேமரா பிடித்த இரண்டு சம்மன்கள் பழைய தோட்டத்துக்கே போயிருக்கின்றன. எங்கள் லயத்து வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகள்) இடிக்கப்பட்டு நெடுநாளாகிவிட்டதால், அவற்றைத் தபால்காரர் தோட்ட அலுவலகத்தில் போட்டிருக்கிறார்; என்னை அறிந்த கிராணியும் (தோட்ட எழுத்தரும்) ஓய்வு பெற்றுவிட்டார். சாலை வரியைப் புதுப்பிக்கச் சென்று, முடியாது என்று சேவை முகப்பில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகே எனக்கு விவரம் தெரிந்தது. தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிதறிய பிறகு, இல்லாத லயத்தின் முகவரியில் இன்னும் எத்தனை கப்சாய் மோட்டார் சைக்கிள்கள் பதிவாகி இருக்கின்றனவோ!

2023 பிப்ரவரி முதல் தனியார் வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. இளையோர் கைப்பேசியிலேயே அனைத்தையும் முடித்துக்கொள்கிறார்கள். வசதிதான். ஆனால் முகப்புக்கு நேரில் போகும் வேலை குறைந்ததால், பதிவில் உள்ள முகவரியை எடுத்துப் பார்ப்பாரும் குறைந்துவிட்டனர்.

ஆகவே, சாலைப் போக்குவரத்து இலாகா தன் நடமாடும் முகப்பை இத்தகைய தோட்டப்புற நகரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆலய மண்டபம் ஒன்றில் இடம் ஏற்பாடு செய்து தர எங்களால் இயலும். முகவரி மாற்றத்துக்கு எந்தெந்தப் பத்திரங்கள் வேண்டும் என்பதை இலாகாவிடம் கேட்டுத் தங்கள் நாளிதழ் தமிழில் வெளியிட்டால், அதை வெட்டியெடுத்து எங்கள் ஒட்டுக்கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பகாவ், நெகிரி செம்பிலான்