பூனையின் கன்னத்தில் ஒரு முத்திரை

தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், அவர்களின் இருப்புப் பதிவேட்டைத் தணிக்கை செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் வாரம் ஒருமுறை கதை சொல்கிறேன். போன மாதம் பீரோவைத் திறந்து ஒரு படக்கதைப் புத்தகம் எடுத்துத் தந்தார்கள். அந்துருண்டை வாசம் தூக்கியது. ஒரு சிறுமி மரக்கிளையில் உட்கார்ந்து படிக்கிறாள். என்ன படிக்கிறாள் என்று பார்க்கப் பூனை ஏறுகிறது, அப்புறம் அணில், காகம். அவளைத் திட்டி இறக்க வந்த பாட்டியும் கடைசியில் மரத்தில்தான். அவ்வளவுதான் கதை. முதல் படத்தில் பூனையின் கன்னத்திலேயே பள்ளியின் ஊதா முத்திரை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைத் தொட்டுப் பார்த்து, "பூனைக்கு அடிபட்டிருக்கு சார்" என்றான். எங்கே விழுந்தது, யார் மருந்து போட்டது என்று வகுப்பே சேர்ந்து கதை கட்டியது. அதில் பலருக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

மணி அடித்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். "கிழிச்சிட்டா யார் பதில் சொல்றது?" என்றார்கள். புத்தகம் பீரோவுக்குள் போய்விட்டது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிவேட்டில் ஒன்று குறைந்தால் கையெழுத்துப் போட்டவர்தானே மாட்டிக்கொள்கிறார்?

ஆகவே தணிக்கையாளர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215-வது விதியைப் பாருங்கள். ஓராண்டில் வாசிக்கக் கொடுத்த 1,000 நூல்களுக்கு 5 தொலைந்தால், நாணயக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை, அது இயல்பான இழப்பு என்கிறது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. கணக்கு, அடுக்கிவைத்த புத்தகங்களுக்கு அல்ல, கைக்குப் போனவற்றுக்கு! அந்த விதி மாநிலப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது, சரி. அதே மாதிரி ஒரு வரி நமக்கும் எழுதலாமே. ஆறு வயதுக் கைகளுக்கு 5 போதாது, 50 என்றே வையுங்கள்.

"நூல்கள் பயன்பாட்டுக்கே" என்று சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கான ஐந்து விதிகளில் முதல் விதியாக எழுதிவிட்டார். தமிழக அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்குப் படிநிலை வாரியாக நுழை, நட, ஓடு, பற என்று அழகாகப் பெயரும் வைத்தோம். பூட்டிய பீரோவுக்குள் எங்கே பறப்பது?

தலைமை ஆசிரியர்களே, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, அட்டை தெரியும்படி புத்தகங்களைத் தொங்கவிடுங்கள். கிழிந்தால் ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். முத்திரையைப் பின்னட்டையின் உள்பக்கம் குத்துங்கள்.

அந்தப் பூனைப் புத்தகம் மட்டும் அப்படியே இருக்கட்டும். காயம் ஆறிவிட்டதா என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
ஒரு கதைசொல்லி