கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று மாமி சொன்னார். ரொட்டர்டாமில் இந்தக் கிழமை முழுக்க மழையும் காற்றும் என்று பார்த்தேன். இருட்டோடு சைக்கிள் ஓடி வேலைக்குப் போகிறவள் நீ, பின் லைட் எரிகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார். அண்ணா புது வேலை தொடங்கிவிட்டான். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. குளிர் போனதும் கோயிலுக்கு நடந்தே போகலாம் என்கிறார்.

இன்னொன்று. அங்கே நகரசபையிலோ வேறு எங்கேயோ ஒரு தாளை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. உனக்கு டச்சு இப்போது வடிவாக வருகிறது என்று தெரியும். பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணிவிட்டாய் என்று மாமி சொன்ன அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் அதைச் சொன்னேன். இருந்தாலும் அரசாங்கத் தாளை ஒரு தரம் வாசித்தால் போதாது. இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து, பிறகு போடு.

இந்த நாடு, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டது 2020 ஜனவரி 31ஆம் தேதி. விடுவதா இருப்பதா என்ற வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூனில். இன்னமும் கடையில் இரண்டு பேர் பால் வாங்க வந்தால் மூன்றாவது வசனம் அதுதான். லண்டனில் எங்கள் ஹரோவில் நூற்றுக்கு 55 பேர் அளவில் ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து ஹிலிங்டனில் 56 பேர் போக வேண்டும் என்றார்கள். இடையில் ஒரு தெருதான். எங்கள் ஆட்களுக்குள்ளும் அப்படித்தான் பிரிந்தது. கோயில் நிர்வாகக் கூட்டத்தில் தேர்த்திருவிழாவைப் பற்றிக் கதைக்கப் போய், அது இதில் முடிந்து, இரண்டு குடும்பம் ஒரு வருடம் முகம் பார்க்கவில்லை. மற்ற வீடுகளில் காலப்போக்கில் ஆறிவிட்டது. எங்கள் வீட்டில்தான் ஆறவில்லை.

2016 ஜூன் 24 காலை, நூற்றுக்கு 51.9 பேர் விலக, 48.1 பேர் இருக்க என்று முடிவு வந்தபோது நீ படியில் இறங்கி வந்து, 'நீங்கள் எதற்குப் போட்டீர்கள் அப்பா?' என்று கேட்டாய். விலக வேண்டும் என்று போட்டேன் என்று சொன்னேன். 'அப்படியென்றால் மாமியை அனுப்பிவிடப் போட்டிருக்கிறீர்கள்' என்று சொல்லிவிட்டு மேலே போனாய். அதற்கு நான் முழுதாகப் பதில் சொன்னதே இல்லை. நீயும் திரும்பக் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், கடைசிவரை வாசி.

அப்பம்மா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அவர் விழுந்து இடுப்பு முறிந்த பிறகு, அவரை இங்கே கூப்பிட நான் கேஸ் போட்டேன். நான் இந்த நாட்டின் சிட்டிசன். பெற்றோல் செட்டில் இரவு வேலை, பிறகு கடை, ஒரு வருடமும் விடாமல் வரி கட்டியவன். 2012 ஜூலையில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பெற்றோரைக் கூப்பிடுவதென்றால், அவர்களுக்கு நீண்ட காலப் பராமரிப்பு வேண்டும், அது அந்த நாட்டில் கிடைக்காது, கிடைத்தாலும் நாங்கள் காசு கொடுத்துச் செய்விக்க முடியாது என்று காட்ட வேண்டும். எனக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? நீ காசு அனுப்பக்கூடியவன், அதனால் அங்கே ஆள் வைத்துப் பார்ப்பி என்று. உழைத்ததே குற்றமாகிவிட்டது.

அதே அம்மாவை மாமி கூப்பிட்டார். மாமியிடம் ஹொலண்ட் பாஸ்போட். ஐரோப்பியச் சட்டப்படி ஒன்றிய நாட்டுக்காரர் தன்னில் தங்கியிருக்கும் தாய் தகப்பனை இங்கே கூப்பிடலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. சில மாதத்தில் அப்பம்மா ஹீத்ரோவில் வந்து இறங்கினார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே தாய், ஒரே ஊர், ஒரே ஹரோ. இந்த நாட்டுப் பாஸ்போட் வைத்திருந்த எனக்கு இல்லை, வேறு நாட்டுப் பாஸ்போட் வைத்திருந்தவருக்கு உண்டு. சக்கர நாற்காலியில் அப்பம்மாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை விட வந்த அவமானம் பெரிது. அதை நான் அம்மாவிடம்கூட அன்று சொல்லவில்லை.

நீ சொல்வாய், அப்பம்மாவைக் கொண்டுவந்த சட்டத்துக்கே எதிராக வாக்குப் போட்டீர்களே என்று. போட்டேன். எனக்கு அந்தச் சட்டத்தோடு கோபம் இல்லை. எனக்கு ஏன் அது இல்லை என்பதுதான் கோபம். ஐரோப்பாக்காரருக்கு ஒரு வாசல், பொதுநலவாய நாட்டாருக்கு ஒரு வாசல் என்பது இனி இருக்காது, எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று விலகச் சொன்னவர்கள் சொன்னார்கள். அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி படேல், ஒன்றியத்தை விட்டால் கறிக்கடைகளுக்கு எங்கள் பக்கத்து நாடுகளிலிருந்து சமையற்காரரை எடுக்கலாம் என்று பேசினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2014 மே மாதம், இந்தியாவிலிருந்து வரும் அல்போன்சா மாம்பழத்தையும் அதோடு பாவற்காய், புடோலங்காய், கத்தரிக்காயையும் பூச்சி என்று சொல்லி பிரஸல்ஸில் இருக்கும் ஒன்றியத் தலைமை தடுத்து, எங்கள் கடையில் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. பூச்சி இருந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சாப்பாட்டைப் பற்றி எங்கேயோ இருந்து முடிவெடுக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்குள் இறங்கியது. ஒன்றியத்துக்குக் கொடுக்கிறோம் என்று அவர்கள் அந்தச் சிவப்பு பஸ்ஸில் எழுதிய கிழமைக்கு 350 மில்லியன் பவுண்டை நான் நம்பவே இல்லை, அதை என்மேல் சுமத்தாதே.

விலகச் சொன்ன நைஜல் பராஜின் அந்த விளம்பரப் படத்தையும் நீ சொல்வாய். ஸ்லோவேனிய எல்லையில் அகதிகள் வரிசையாக வருகிற படம். 'அதில் நிற்பது நீங்கள்தான் அப்பா' என்று நீ சொன்னது சரி. நானும் அப்படி நின்றவன்தான். அது வெளிவந்த அதே நாள்தான் எம்.பி. ஜோ கொக்ஸ் அம்மாவைக் கொன்றார்கள், ஜூன் 16. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. வாக்குப் போடப் போகாமல் விடுவோமா என்றும் யோசித்தேன். பிறகு அப்பம்மாவின் மறுப்புக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். அடுத்த வியாழன் போனேன்.

அந்த வாக்கெடுப்பில் இன்னொரு அநியாயம் இருந்தது, அதைப் பற்றி நீயும் கதைக்கவில்லை. சித்தப்பா அப்போது சிலோன் பாஸ்போட்தான் வைத்திருந்தார். பொதுநலவாய நாட்டுப் பிரஜை, இங்கே விசாவோடு இருக்கிறார் என்பதால் அவருக்கு வாக்கு இருந்தது. 2006இல் இருந்து இங்கே வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பித்த மாமிக்கு இல்லை. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர் தவிர ஐரோப்பாக்காரர் ஒருவருக்கும் இல்லை. மாமியின் எதிர்காலத்தைப் பற்றி மாமியைத் தவிர எங்கள் வீட்டில் எல்லோரும் வாக்குப் போட்டோம்.

ஆனால் மாமி உன்னைப்போல இல்லை. அவர் என்னோடு கோபிக்கவில்லை. ஐரோப்பாக்காரர் இங்கே தொடர்ந்து இருக்க 2021 ஜூன் 30க்குள் பதிய வேண்டும் என்று வந்தபோது நான்தான் அவரைப் பக்கத்தில் இருத்தி, பாஸ்போட்டைப் போனில் வைத்து, முகத்தைப் படம் எடுத்துப் பதிந்து கொடுத்தேன். 'செட்டில்ட்', நிரந்தரமாக இருக்கலாம், என்று வந்த மின்னஞ்சலை அச்சடித்து சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். முப்பது வருடம் ஐரோப்பாவில் அகதி, பிரஜை, பிறகு மறுபடியும் விண்ணப்பதாரர். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதான் அவருக்காக என்னோடு கதைப்பதை நிறுத்தினாய்.

விலகலுக்கு எதிரான 2019 மார்ச் 23 ஊர்வலத்தில் நீ ஒன்றியத்தின் நீலக் கொடியோடு நிற்கிற படம் யாரோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். கோபத்தில்தான் அனுப்பினார்கள், உன் மகளைப் பார் என்று. நான் அதை அழிக்கவில்லை. பாராளுமன்றச் சதுக்கம். 2009இல் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது நான் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது அதே புல்லில். பதின்மூன்று வயதில் உனக்குப் பதாகை பிடிக்கச் சொல்லித்தந்தவன் நான். லட்சக்கணக்கில் ஆட்கள் நிற்கும்போது பயமில்லாமல் முன்னால் நிற்கிறாள் என்று எனக்குள் பெருமை. அதே பிள்ளை அந்தக் கோடையிலேயே வீட்டை விட்டு ஹொலண்டுக்குப் போனாள். வேலை கிடைத்தது என்று சொன்னாய். எனக்குத் தெரியும், கதவு பூட்ட முதல் போய்விட வேண்டும் என்று போனாய்.

கதவு பூட்டியது. ஒரே சட்டம் வந்தது. 2021இலிருந்து புதிதாக வரும் ஐரோப்பாக்காரரும் எங்களைப்போலத்தான், தாயைக் கூப்பிட முடியாது. நான் கேட்டது அதுவல்ல. 2022இலிருந்து முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஊரிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், எங்கள் மேல் அறையிலும் வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை இருக்கிறாள். 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அவளுடைய குழந்தை ஊரில் அம்மம்மாவோடு. இரவில் போனில் குழந்தையோடு கதைக்கிற சத்தம் கேட்கும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய மறுப்புக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது. முன்பு வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு ஓடிய கூட்டாளிமார் இப்போது சுங்கத் தாள் நிரப்பிக் களைத்து அந்த ஓட்டத்தை விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

சரி, இனிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மாமி வாய்தவறிச் சொல்லிவிட்டார். நீ டச்சுப் பிரஜாவுரிமைக்குப் போடப்போகிறாய், அதற்கு பிரித்தானியப் பாஸ்போட்டை விடுகிறேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். மாமியோடு கோபிக்காதே, அவர் சந்தோசத்தில்தான் சொன்னார். நான் இரண்டு கிழமையாக அதைப் பற்றித்தான் விசாரிக்கிறேன். ஐந்து வருடம் இருந்தால் கேட்கலாம், ஆனால் பொதுவாகப் பழையதை விட வேண்டும். ஜேர்மனி 2024இல் இரண்டையும் வைத்திருக்க விட்டுவிட்டது, ஹொலண்ட் விடவில்லை. இந்த நாடு விலகியதற்கு முன்பே அங்கே இருந்த பிரித்தானியருக்கு விலகல் ஒப்பந்தப்படி அங்கே இருக்க உரிமை இருக்கிறது, உனக்கும் இருக்கிறது, அதை யாரும் பறிக்கவில்லை. இல்லாதது, நாளைக்கு பிரஸல்ஸிலோ பேர்லினிலோ நினைத்த மாதிரி போய் வேலை செய்யும் உரிமை. அதற்காகத்தான் என்றால் எனக்கு விளங்குகிறது. டச்சுக்காரரைக் கலியாணம் செய்தவர்கள் பழையதை விடத் தேவையில்லையாம். அப்படி யாரும் இருந்தால் சொல்லு, நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம், அம்மாவும் சொல்லமாட்டார்.

என்னோடுள்ள கோபத்தில் விடுகிறாய் என்றால் விடாதே. அந்தப் பாஸ்போட் உனக்குப் பிறந்ததும் கிடைத்தது. எனக்கு அப்படி இல்லை. வருடக்கணக்காக 'ஈ.எல்.ஆர்' என்ற ஒரு தற்காலிக அனுமதித் தாள், அதை நீடிப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு தரமும் வயிற்றைக் கலக்கும். தாத்தா செத்தபோது என்னால் போக முடியவில்லை. போனால் திரும்பி வர முடியுமா என்று தெரியாமல் இந்த முன்னறையில் இருந்து அழுதேன். எனக்குப் பாஸ்போட் பிறகுதான் கிடைத்தது. உனக்குப் பிறந்ததும் கிடைத்த அந்தப் பாஸ்போட்டில்தான் நீ பள்ளிக்கூடத்தோடு பிரான்ஸ் போனாய், ஊருக்குப் போனாய், ஹொலண்டுக்கும் போனாய். அந்த நாடு செய்தது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த நாட்டோடு சண்டை பிடி. சதுக்கத்தில் நில். பாஸ்போட்டை ஏன் கொடுக்கிறாய்?

இன்னொன்றும் விசாரித்தேன். வேறு நாட்டுப் பிரஜாவுரிமைக்காக விட்டவர்கள் ஒரு தரம் உரிமையோடு திரும்ப எடுக்கலாம். 1981ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை எடுத்தால் டச்சு போகுமா போகாதா என்று எனக்கு நிச்சயமில்லை. அதனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதே. போடத்தான் வேண்டும் என்று யோசித்து முடிவெடுத்திருந்தால் அது உன் உரிமை, நான் தடுக்க மாட்டேன். முப்பது வயதுப் பிள்ளை, உன் கால்களில் நிற்கிறாய், என்னிடம் ஒரு சதம் கேட்டதில்லை. ஆனால் மாமி வழியாக எனக்குத் தெரிய வரக்கூடாது. நீயே சொல்ல வேண்டும். போன் எடுத்தால் 'அம்மாவிடம் கொடுங்கோ' என்று சொல்லாமல் என்னோடு கதை. நான் போட்ட வாக்கைப் பற்றித் திட்டுவதென்றாலும் திட்டு, கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஈஸ்டருக்கு அம்மாவும் நானும் வரலாம் என்று யோசிக்கிறோம். இப்போது உள்ளே வரும்போது விரலடையாளம் எடுக்கிறார்கள் என்று கேள்வி, எடுக்கட்டும். அம்மா கறிவேப்பிலையும் முருங்கையிலையும் கட்டி வைத்தார். சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்று எடுத்து வைக்கச் சொன்னேன். கறித்தூளுக்குத் தடை இல்லை, பார்த்துவிட்டேன். வறுத்து இடித்தது இரண்டு கிலோ போதுமா என்று எழுது. எந்தத் தேதியில் உனக்கு லீவு என்றும் எழுது, ரயில் ரிக்கற் இப்போதே எடுத்தால்தான் மலிவு.

அன்புடன்,
அப்பா