பழைய காருக்கு மாற்று இன்ஜின்: புகை விதியைத் தெளிவாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பழைய கார் உரிமையாளர்களும் ஒர்க்‌ஷாப் நடத்துவோரும்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்கள்,
போக்குவரத்து அமைச்சு, புத்ராஜெயா.

நகல்: தலைமை இயக்குநர், சுற்றுச்சூழல் இலாகா.

பொருள்: பழைய கார்களில் இன்ஜின் மாற்றும்போது புகைச் சோதனைக்கு எழுத்துபூர்வமான ஒரே விதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பழைய காரில் வேறு இன்ஜின் ஏற்றினால், அதன் புகையைக் காரின் ஆண்டுப்படி சோதிப்பதா, இன்ஜினின் ஆண்டுப்படி சோதிப்பதா என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில் கிடைப்பதில்லை. இதற்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. சோதனையே வேண்டாம் என்று கேட்க நாங்கள் வரவில்லை. பழைய கார்க்காரன் மனு போட்டால் சலுகைக்குத்தான் என்று நினைப்பது வழக்கம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள், அவர்களோடு கார்களும் வந்தன. தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார் வாங்கிய மோரிஸ் மைனர், ஈபிஎஃப் என்ற சேமநிதிப் பணத்தில் வாங்கிய டாட்சன் 120ஒய், நாங்கள் டிஎக்ஸ் என்று சொல்லும் டொயோட்டா கேஇ70. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கே இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. இவை கண்காட்சிக்கு மெருகு போட்டு நிறுத்தி வைத்த வண்டிகள் அல்ல. சந்தைக்கும் கோயிலுக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் இன்றும் ஓடுபவை.

இவற்றின் இன்ஜினை ஆசைக்காக மட்டும் யாரும் மாற்றுவதில்லை. (ஆசைக்காக மாற்றும் இளைஞர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை.) மோரிஸ் மைனரின் இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் செய்தது. அந்த ஈயம்தான் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. ஈயம் இல்லாத பெட்ரோலில் ஓட ஓட வால்வு இருக்கை உள்ளே அரித்துக்கொண்டு போகும், அழுத்தம் குறையும். இன்ஜின் தலையைக் கழற்றிக் கடினமான வால்வு இருக்கை போடலாம், ஆனால் அதைச் சரியாகச் செய்யும் பட்டறைகள் குறைந்துவிட்டன. டிஎக்ஸில் இருக்கும் 4கே இன்ஜினுக்கும் இதே கதைதான்: தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி (போர் செய்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம் என்றால் பிஸ்டன் கிடைப்பதில்லை. அப்புறம் ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களின் வெட்டிய பாதிகளையும் இன்ஜின்களையும் விற்கும் ஹாஃப் கட் கடைதான் கதி.

புகை விஷயத்தில் இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பது எப்படி மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. கார்புரேட்டர் வண்டியைக் காலையில் சோக் இழுத்துக் கிளப்பினால் பின்னால் நிற்பவர் சட்டையில் பச்சைப் பெட்ரோல் வாடை ஒட்டிக்கொள்ளும். கலவையில் பெட்ரோல் அதிகமானால் கறுப்புப் புகை, பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜின் எண்ணெய் எரிந்தால் நீலப் புகை. பெட்ரோலை ஊசியால் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சர் உட்கார்ந்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைக் காவல் காக்கிறது. அந்தக் கணக்குத் தவறாமல் இருந்தால்தான் புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யும். ஜப்பானில் 1978-லேயே கடுமையான புகை விதி வந்துவிட்டது. ஆகவே அங்கிருந்து வரும் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள் பொதுவாகக் கன்வெர்ட்டரோடுதான் தயாரானவை.

ஆனால் எங்கள் கைக்கு வரும்போது கன்வெர்ட்டர் இருக்காது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதை வழியிலேயே அறுத்துப் பழைய உலோகத்துக்கு விற்றுவிடுகிறார்கள். அதன் இடத்தில் நேர்க் குழாய். சென்சர் கம்பியைச் சுருட்டிக் கட்டிவிட்டு, "வண்டி ஓடுதே அண்ணே" என்று சொல்லும் போர்மன்களும் (மெக்கானிக்குகளும்) உண்டு. பழைய டேங்கில் இன்ஜெக்‌ஷனுக்கு ஏற்ற பம்ப் இல்லாமல், பெட்ரோல் திரும்பி வரக் குழாயும் போடாமல் அரைகுறையாக மாட்டிய வண்டிகளையும் பார்த்திருக்கிறோம். அப்படி மாட்டிய புது இன்ஜின், ஒழுங்காகப் பராமரித்த பழைய கார்புரேட்டரைவிட மோசமாகப் புகைவிடக்கூடும். இதை ஒர்க்‌ஷாப் நடத்துவோரும் கையெழுத்திடும் மனுவில்தான் எழுதுகிறோம்.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் பெட்ரோல் இன்ஜினுக்கும் டீசல் இன்ஜினுக்கும் 1996-ல் தனித்தனிப் புகை விதிகள் வந்தன. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. இன்ஜின் மாற்ற அனுமதி வாங்க வேண்டும், பரிசோதனைக்குப் போக வேண்டும், புது இன்ஜின் எண் கிராண்டில் (வாகனப் பதிவுப் பத்திரத்தில்) ஏற வேண்டும், ரசீதும் சுங்கத்தின் கே1 என்ற இறக்குமதிப் பாரமும் காட்ட வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். 1979 காரில் 1992 இன்ஜினோடு போனால் எந்த ஆண்டின் புகை அளவு என்பதில்தான் குழப்பம். எங்களில் ஒருவருக்கு ஒரு கவுண்டரில் காரின் ஆண்டு என்றார்கள், இன்னோர் இடத்தில் இன்ஜினின் ஆண்டு என்றார்கள், மூன்றாவது இடத்தில் பழைய இன்ஜினையே திரும்பப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அந்த இன்ஜினை அவர் அதற்குள் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்.

இப்படி அலைவதற்குப் பயந்து பலர் பதிவே செய்வதில்லை. சொந்தக் கார்களுக்கு வருடாந்தரப் பரிசோதனை இல்லாததால் யாருக்கும் தெரியவும் வராது, விபத்து நடக்கும் வரை. நடந்தால் கிராண்டில் ஓர் எண், இன்ஜினில் வேறு எண். காப்புறுதிப் பணம் இழுபறியாகும், போலீஸில் திருட்டு இன்ஜினா என்ற கேள்வியும் வரும்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தோம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஏற்றும் இன்ஜின் காரின் ஆண்டு அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையும் கூடவே வர வேண்டும், ரெஃப்ரீ என்ற அதிகாரி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். 1975 வரையிலான கார்களுக்கு அங்கே புகைச் சோதனையே கிடையாது. பிரிட்டனில் 1975 ஆகஸ்டுக்கு முந்திய கார்களுக்குக் கண்ணால் பார்க்கும் சோதனை மட்டும்தான். இன்ஜின் மாற்றிய பழைய காருக்குக் கார், இன்ஜின் இரண்டில் எது பழையதோ அதன் அளவைத்தான் பார்க்கிறார்கள்.

எங்களுக்குள் பாதிப் பேருக்குப் பிரிட்டன் வழிதான் பிடித்திருக்கிறது. பேசிப் பார்த்ததில் அது நமக்குச் சரிவராது என்ற முடிவுக்கு வந்தோம். காரின் ஆண்டுதான் கணக்கு என்றால், எவரும் காசு கொடுத்துக் கன்வெர்ட்டர் மாட்ட மாட்டார்கள். ஆகவே மாற்றும் இன்ஜின் காரைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, புகையை அந்த இன்ஜினின் ஆண்டுப்படியே சோதிக்க வேண்டும், கன்வெர்ட்டரும் சென்சரும் மாட்டியிருப்பதைச் சோதனையில் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். கன்வெர்ட்டர் ஏறத்தாழ 300 டிகிரிச் சூட்டுக்கு வந்தால்தான் வேலை செய்யும். வரிசையில் ஒரு மணி நேரம் அணைத்து வைத்த வண்டியை உடனே சோதித்தால் நல்ல இன்ஜினும் தோற்றுப்போகும். சொந்த இன்ஜினோடேயே ஓடும் பழைய கார்களை இந்த விதிக்குள் இழுக்க வேண்டாம்.

இன்ஜெக்‌ஷன் இன்ஜின் விற்கும் ஹாஃப் கட் கடைக்காரர் கன்வெர்ட்டரையும் சேர்த்து விற்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வாங்கி மாட்டுவதைச் சோதனையில் ஏற்க வேண்டும். இதைச் சொல்லாமல் வாகன உரிமையாளர் தலையில் மட்டும் விதியைக் கட்டினால் அது காகிதத்தோடு நின்றுவிடும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டுப் பதிவு செய்யாதவர்களுக்கு ஒரு வருடம் அவகாசம் தாருங்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் மாற்றியவரிடம் இப்போது கே1 பாரம் கேட்டால் கடையே இருக்காது. இன்ஜின் எண்ணைப் போலீஸ் பதிவோடு ஒப்பிட்டு, புகைச் சோதனையில் தேறினால் கிராண்டில் ஏற்றிக்கொள்ளலாம். தேறாத வண்டியைத் திருத்திக்கொண்டு வர ஒரு வாய்ப்பு போதும். 2009-ல் பதினைந்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை என்று அறிவித்துப் பிறகு கைவிட்டார்கள். அந்தப் பயம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. வண்டியைப் பிடுங்க மாட்டோம் என்று அறிவிப்பிலேயே தெளிவாகப் போட்டால்தான் ஆட்கள் வருவார்கள்.

கடைசியாக ஒன்று. எண் பொருந்தாத வண்டியைச் சோதனைக்கு ஈப்போ வரை ஓட்டிப் போவதற்குள் வழியிலேயே சம்மன் கிடைக்கும். அந்த ஒரு பயணத்துக்குச் செல்லும் அனுமதிக் கடிதம் வேண்டும், அல்லது அவகாசக் காலத்தில் நடமாடும் பரிசோதனை வண்டியைச் சுங்கை சிப்புட்டுக்கு அனுப்ப வேண்டும். இடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். விதியை எழுதும்போது போர்மன்களிடம் கேட்க வேண்டியிருந்தால், எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்காரர்கள் புத்ராஜெயாவுக்கு வரவும் தயார்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சுங்கை சிப்புட் பழைய கார் உரிமையாளர்களும் ஒர்க்‌ஷாப் நடத்துவோரும்.

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், இன்ஜின் மாற்றிய வண்டிகளின் பட்டியல்.