இந்த ஞாயிறு தத்யானா சமோய்லவா

நண்பர்களே, ஞாயிறு மாலை 6 மணிக்கு நாம் பார்க்கப்போவது 1957இல் வந்த 'தி கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்', மறு வருடமே கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனை வாங்கிய சோவியத் படம். கதாநாயகி வெரோனிகாவாக வரும் தத்யானா சமோய்லவா, 1934இல் லெனின்கிராடில் பிறந்தவர், மாஸ்கோவின் வக்தாங்கவ் நாடக அரங்கிலும் நடித்தவர், அப்பாவும் பெயர்பெற்ற நடிகர். குண்டு விழுந்த கட்டடத்தின் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிக் கதவைத் திறந்தால் உள்ளே வீடே இருக்காது, அப்போது அவர் முகத்தைக் கட்டாயம் கவனியுங்கள். இவ்வளவு நடித்தவருக்குப் பிறகு பெரிய வேடங்கள் அதிகம் அமையவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்புறம் 1967இல், டால்ஸ்டாய் நாவலைப் படமாக்கிய 'அன்னா கரேனினா'வில் அன்னாவாக நடித்தார், அதில் காதலன் விரோன்ஸ்கியாக வருபவர் அவருடைய முன்னாள் கணவர் வசீலி லனவோய்! அது அடுத்த வாரம். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.