பழைய பைக்கின் மீட்டரை மாற்றச் சொல்லும் முன் வயரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் முள்ளோ ஸ்பீடோமீட்டரோ வேலை செய்யவில்லை என்று கொண்டுபோனால், பழுது எந்த இடத்தில் என்று சோதிக்காமலேயே மீட்டரை முழுசாக மாற்றச் சொல்லும் வழக்கம் பட்டறைகளில் பரவிவிட்டது. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் முள் அசையாத வண்டியையே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். நானும் அப்படி ஓட்டியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2008-இல் வாங்கிய என் 125 சிசி வண்டிக்குப் பதினைந்து ஆண்டுகள் முடிந்து, 2023-இல் பதிவைப் புதுப்பித்தேன். எஞ்சினில் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும், டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டாலும் முள் அடியைவிட்டு எழவில்லை. காட்டிய இடத்தில், மீட்டர் செட்டையே மாற்ற வேண்டும், ஆர்டர் போட்டால்தான் வரும், மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கணக்குப் பார்த்துப் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சில மாதங்களில் ஸ்பீடோமீட்டர் கேபிளும் அறுந்தது. கிலோமீட்டர் கணக்கும் அத்துடன் போயிற்று. ஒருநாள் இரவு திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் திரும்புகையில், விக்கிரவாண்டிக்கு முன்பே வண்டி நின்றது. ரிசர்வுக்குத் திருப்பலாம் என்று குனிந்து பார்த்தால், டேப் ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. லாரிகள் உரசிக்கொண்டு போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், மனைவியை முன்னால் நடக்கவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதை என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு எங்கள் தெருமுனையில் இருக்கும் வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் மீட்டரைத் தொடவே இல்லை. சீட்டைக் கழற்றி, டேங்குக்கு அடியில், பெட்ரோல் அளவை உணரும் மிதவை சென்சாரிலிருந்து வரும் வயரின் கப்ளரை, அதாவது வயர்கள் சேரும் இணைப்பைப் பிரித்தார். சாவியைப் போட்டுவிட்டு, மீட்டர் பக்கம் போகும் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் ஒரு கணம் இணைத்தார். அதுவரை செத்துக் கிடந்த முள் மெல்ல ஏறி, டேங்க் நிறைந்ததற்கான கோட்டைத் தொட்டது. "மீட்டர் நல்லா இருக்கு சார், வயரும் நல்லா இருக்கு" என்றார். பிறகு சென்சார் பக்கத்தின் பின்களைச் சுரண்டி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் சென்சாரும் சரியாகவே இருந்தது. கப்ளருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, பித்தளைப் பின்களின்மேல் பச்சைக் களிம்பு படிந்திருந்ததுதான் பழுது. அதைச் சுத்தம் செய்து, லேசாகக் கிரீஸ் தடவிப் பூட்டினார். மொத்த வேலையும் அரைமணி நேரம். வாங்கிய கூலி நூற்றைம்பது ரூபாய்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மிதவை மேலும் கீழும் போகும்போது சென்சாரின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் முள் காட்டுகிறது. மாடலுக்கு மாடல் அளவு வேறுபடும் என்றாலும், பல வண்டிகளில் டேங்க் நிறைந்திருக்கும்போது தடை குறைவாகவும், காலியாக ஆக அதிகமாகவும் இருக்கும். கப்ளரில் களிம்பு படிந்தால் அதுவும் ஒரு தடையாகச் சேர்ந்துகொள்வதால், நிறைந்த டேங்கையும் காலி என்றே மீட்டர் நம்புகிறது. மிதவையைக் கையால் மெதுவாக அசைக்கும்போது மல்டிமீட்டரில் எண் சீராக ஏறி இறங்கினால் சென்சார் நல்லது. இடையிடையே தாவினாலோ விட்டுப்போனாலோ தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போதும் மாற்ற வேண்டியது சென்சாரை மட்டும்தான், மீட்டரை அல்ல. எர்த் வயர் சேசிஸோடு (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு) சேரும் போல்ட்டில் துரு ஏறியிருந்தால், பெட்ரோல் முள், இண்டிகேட்டர், நியூட்ரல் விளக்கு எல்லாம் ஒன்றாகக் கோளாறு காட்டுவதும் உண்டு. போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தாலே பல வண்டிகளில் அது தீர்ந்துவிடும்.

ஸ்பீடோமீட்டரும் அப்படித்தான். முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அக்காந்தம் தன்னைத் தொடாமல் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே முள் நிற்கும் இடம்தான் வேகம். முள் நடுங்கினால், பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கேயோ மடங்கியிருக்கும். புதுக் கேபிளுக்குக் கிரீஸ் போடும்போது மீட்டர் பக்கத்தில் சில அங்குலம் விட்டுவிட வேண்டும் என்று அதே மெக்கானிக் சொல்லிக்கொடுத்தார். இல்லாவிட்டால் கிரீஸ் மேலேறி, நல்ல மீட்டரையும் கெடுத்துவிடுமாம். வாட்டர் சர்வீசில் மீட்டரின்மீதும் கப்ளர்களின்மீதும் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதையும் நாம்தான் தடுக்க வேண்டும்.

பிரேக் லைட் சுவிட்ச் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. பெட்ரோல் முள் பொய் சொன்னால் வண்டியைத் தள்ள நேரும், அவ்வளவுதான். பிரேக் லைட் எரியாவிட்டால், பின்னால் வருபவருக்கு நாம் நிற்கப்போவதே தெரியாது. ஓட்டுகிறவர் கண்ணிலும் அந்தக் குறை படாது. இரவில் வண்டியின் பின்புறம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். இரண்டு முறையும் சுவரில் சிவப்பு வெளிச்சம் கூட வேண்டும். பின் பிரேக்குக்குக் கூடவில்லை என்றால், பெடலுக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் சுவிட்சின் நட்டைத் திருகி ஏற்றினாலே சரியாகிவிடும்.

தயாரிப்பாளர்களிடமும் அரசிடமும் எனக்குக் கேட்க வேண்டியது உண்டு. சென்சார், கப்ளர், கேபிள், மீட்டருக்குள்ளிருக்கும் பல்சக்கரம் ஆகியவை தனித்தனியாகக் கடைகளில் கிடைக்க வேண்டும். உற்பத்தி நின்ற மாடல்களின் வயரிங் வரைபடங்களை நிறுவனங்கள் தமிழிலும் வெளியிட வேண்டும். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி, வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின், சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் வண்டிகளில்கூட, மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் புகையைச் சோதிக்கும் ஆக்சிஜன் சென்சாரும் வந்துவிட்டன. அவற்றில் வாரண்டி முடிந்தவை இப்போதே தெருமுனைப் பட்டறைகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. எஞ்சின் விளக்கு எரிந்தால் அதற்கு என்ன பொருள் என்று சொல்லும் குறியீட்டுப் பட்டியல் அந்தப் பட்டறைகளின் கையில் இல்லை. கார்களைப் பொறுத்தவரை, உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே உத்தரவிட்டது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அமைத்த குழுவும் வாகனத் துறையைத் தன் வரம்பில் சேர்த்தே கொண்டது. வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கும் நம் மாநிலத்தில், இதன் பலன் இருசக்கர வாகனப் பட்டறைகளுக்கும் வந்து சேர வேண்டும். ஏற்கெனவே தொழில் செய்துவரும் மெக்கானிக்குகளுக்கு ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி நிலையங்களில் மல்டிமீட்டர், சென்சார் சோதனை பற்றிய மாலைநேரக் குறும்பயிற்சியை அரசு நடத்தினால், எங்கள் தெருமுனை மெக்கானிக்கே முதல் ஆளாகப் போய்ச் சேருவார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
விழுப்புரம்.